எச்சிவேரியா மட்டும் ஏன் அழுகுகிறது? சக்குலண்ட் வளர்ப்பில் எங்கே தவறுகிறோம்?

திண்ணைச்செடி (சென்னை)

எல்லாருக்கும் வணக்கம். ஆன்லைனில் ஒரு சக்குலண்ட் (இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்து வைக்கும் சதைப்பற்றுச் செடி) செட் வாங்கி பால்கனியில் வைத்திருக்கிறேன். கிழக்குப் பார்த்த பால்கனி, காலை பத்து மணி வரை வெயில் வரும். ஜேட், பாம்புக் கற்றாழை இரண்டும் பிரமாதமாக இருக்கின்றன. ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் எச்சிவேரியாதான் தகராறு செய்கிறது. கூடவே வந்த அட்டையில் "வாரம் ஒரு முறை இரண்டு ஸ்பூன் தண்ணீர்" என்று போட்டிருந்தது, அப்படியே ஊற்றினேன். அடி இலைகள் சுருங்கின. தாகம் போல என்று கொஞ்சம் கூட்டி ஊற்றினேன். இப்போது தொட்டாலே இலை உதிர்கிறது. தண்ணீர் கூடிப்போனதா, குறைந்துபோனதா? யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மொட்டைமாடி (சென்னை)

இலையை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள்.

காரணம் இதுதான். தண்ணீர் இல்லாவிட்டால் இலை சுருங்கும். வேர் அழுகிப்போனாலும் இலை சுருங்கும், ஏனென்றால் மண்ணில் ஈரம் இருந்தும் அதை உறிஞ்ச வேர் கிடையாது. இரண்டாவது வகைச் சுருக்கத்தைத் தாகம் என்று நினைத்து மேலும் தண்ணீர் விடுவார்கள், மிச்சம் இருக்கும் வேரும் போய்விடும். இந்த ஊரில் சாகும் சக்குலண்டில் பாதிக்கு மேல் இப்படித்தான் போகிறது என்பது என் எண்ணம்.

வெளியிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். தாகத்தில் அடி இலைகள் மெலிந்து, பிறகு காகிதம் போலக் காய்ந்து செடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நடுக்குருத்து கெட்டியாக இருக்கும். அழுகலில் இலை மஞ்சளாகி, உள்ளே வெளிச்சம் தெரிவது போல நீர்கோத்து, லேசாகத் தட்டினாலே காம்போடு விழும். நீங்கள் சொல்லும் உதிர்தலைக் கேட்டால் எனக்கு இரண்டாவதாகத்தான் படுகிறது. நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ உறுதியாக இருக்கும். அழுகிய வேரை விரலால் இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்துவிடும், வாடையும் அடிக்கும்.

கொங்குக்கள்ளி (கோயம்புத்தூர்)

அந்த ஸ்பூன் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள் மேடம். இரண்டு ஸ்பூன் தண்ணீர் மேல்மண்ணை நனைத்துவிட்டு அங்கேயே ஆவியாகிவிடும், அடியில் இருக்கும் வேருக்குப் போகாது. ஸ்பிரே பாட்டிலில் பீய்ச்சுவதும் அப்படித்தான். அதைவிட மோசம் என்றுகூடச் சொல்வேன், ரோஜா அடுக்குக்குள் தண்ணீர் தேங்கிக் குருத்து அழுகும்.

ஊற்றினால் தொட்டியின் அடித்துளை வழியாக வடியும் அளவுக்கு ஊற்ற வேண்டும். அடுத்த முறை, மண் அடிவரை காய்ந்த பிறகுதான். அது ஐந்து நாளோ இருபது நாளோ, தொட்டியும் காற்றும்தான் தீர்மானிக்கும், காலண்டர் இல்லை. அகர்பத்திக் குச்சியை அடிவரை செருகி எடுங்கள். ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் விட்டுவிடுங்கள். சின்னத் தொட்டி என்றால் கையில் தூக்கிப் பார்த்தாலே எடையில் தெரியும்.

இன்னொன்று, நர்சரியில் வரும்போது வேரைச் சுற்றி ஒரு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) உருண்டை இருக்கும். அதைப் பிரிக்காமல் அப்படியே புது மண்ணில் வைத்துவிடுகிறோம். சுற்றிலும் காய்ந்த மண், நடுவில் மட்டும் ஈர உருண்டை. அது ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் நேர்மாறாக, தண்ணீரை உள்ளே வாங்காமல் ஓரமாக வழிய விட்டுவிடும். வாங்கிய அன்றே உதறிவிட்டு, வேர் காயம் ஆற ஓரிரு நாள் நிழலில் போட்டு, காய்ந்த கலவையில் நடுவதுதான் நல்லது.

ரோஜாப்பதியன் (சேலம்)

இவ்வளவு குழப்பம் எதற்கு? தொட்டிக்கு அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டு மேலே மண் போட்டால் தண்ணீர் வடிந்துவிடும். ரோஜாவுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

மொட்டைமாடி (சென்னை)

நண்பரே, ரோஜாத் தொட்டி பெரியது, அதனால் நீங்கள் தப்பித்தீர்கள். நான்கு அங்குலத் தொட்டியில் இது எதிராகப் போகும். பொடியான மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் தானாக இறங்காது. நுண்ணிய இடுக்குகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மண்ணின் அடிப்பகுதி தண்ணீரில் நிறைந்த பிறகுதான் ஜல்லிக்குச் சொட்டும். ஆக, எந்த மண்ணாக இருந்தாலும் அதன் அடியில் ஓர் ஈரப்பட்டை நிற்கத்தான் செய்யும். ஜல்லி போட்டால் அந்தப் பட்டை மறைந்துவிடாது, இரண்டு அங்குலம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஜல்லியை அடியில் தனியாகப் போடாதீர்கள், மண்ணோடு கலந்துவிடுங்கள். என் கலவை இது: உடைத்த செங்கல் துண்டு, கடலைப்பருப்பு அளவில், இரண்டு பங்கு. செம்மண்ணும் மண்புழு உரமும் சேர்ந்து ஒரு பங்கு. பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கனிமத் துகள்) கிடைத்தால் ஒரு கை. செங்கல் தூளைச் சலித்துத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், அது இருந்தால் சேறாக இறுகிவிடும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போடுகிறவர்களும் அப்படியே, கழுவி, பொடியை விட்டுவிட்டு, பருமணல் மட்டும். வெறும் நைஸ் மணலைக் கலந்தால் வடிகால் வராது, இடுக்கையெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

துளையில்லாத பீங்கான் கிண்ணம், காபி கப், மூடிய கண்ணாடி ஜாடி இவற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டுமா? போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அவ்வளவுதான்.

திண்ணைச்செடி (சென்னை)

எடுத்துப் பார்த்தேன். வேர் கறுப்பு. கோகோபீட் உருண்டையும் இருந்தது, உள்ளே இன்னும் ஈரம். தண்டு அடியில் மெத்தென்று இருக்கிறது, மேல்பாதி நன்றாக இருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

மொட்டைமாடி (சென்னை)

முடியும். கூர்மையான பிளேடை ஸ்பிரிட்டால் துடைத்து, நல்ல பாகத்துக்குள் தண்டைக் குறுக்கே வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் அழுகல் இன்னும் மேலே ஏறியிருக்கிறது என்று பொருள். பிளேடைத் துடைத்துவிட்டு இன்னும் மேலே வெட்டுங்கள், வெட்டிய இடம் முழுக்க வெளிர்பச்சையாக வரும்வரை. இலை போகிறதே என்று பார்க்காதீர்கள். பிறகு நிழலில், காற்றுப் படும் இடத்தில் நாலைந்து நாள் வைத்தால் வெட்டு ஆறித் தோல் மூடும். ஈரக்காற்று என்றால் ஒரு வாரம்கூட ஆகலாம். அப்புறம் காய்ந்த கலவையின் மேல் உட்கார வையுங்கள். வேர் விடும்வரை தண்ணீர் வேண்டாம், இலையில் இருப்பதை வைத்துக்கொண்டே பிழைக்கும்.

உதிர்ந்த இலைகளில் கெட்டியானவை இருந்தால் மண் மேல் சும்மா போட்டு வையுங்கள், அடியில் குட்டி வரும். ஆனால் எல்லா வகையிலும் இது நடக்காது. ரோஜா அடுக்காகவே இருக்கும் ஏயோனியம் ஒற்றை இலையில் வராது. மஞ்சள் ஓரம் வைத்த பாம்புக் கற்றாழையை இலைத்துண்டில் வளர்த்தால் குட்டி வெறும் பச்சையாகத்தான் வரும். மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும்.

அல்சூர்மாடி (பெங்களூரு)

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. நான் மாடியில் எச்சிவேரியா நிறைய வைத்திருக்கிறேன். கோடையில் மூன்று, நான்கு நாளைக்கு ஒருமுறை தாராளமாகத் தண்ணீர் விடுகிறேன். எதுவும் அழுகவில்லை. தண்ணீரைக் கண்டு இவ்வளவு பயப்படத் தேவையில்லை. மண் சரியாக இருந்தால் போதும்.

கொங்குக்கள்ளி (கோயம்புத்தூர்)

அண்ணே, உங்கள் ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி (சென்னை)

அதேதான். சென்னையில் நாம் பேச வேண்டியதும் இதுதான், ஆனால் யாரும் பேசுவதில்லை.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கும். சக்குலண்டுகளில் பல அப்படிச் செய்தால் வறண்ட நாட்டில் நீரெல்லாம் ஆவியாகிவிடும் என்பதால் பகலில் மூடிக்கொண்டு இரவில் திறக்கின்றன. இரவில் வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் வெளிச்சம் வந்ததும் எடுத்துச் சர்க்கரை தயாரிக்கின்றன. இதற்கு 'கேம்' முறை என்று பெயர். இது ஒழுங்காக நடக்க இரவு குளிர வேண்டும். எச்சிவேரியாவின் சொந்த ஊர் பெரும்பாலும் மெக்சிகோவின் மலைச்சரிவுகள். பகலில் எவ்வளவு காய்ந்தாலும் அங்கே ராத்திரி குளிர்ந்துவிடும்.

சென்னையில் மே மாத இரவு 27, 28 டிகிரி. கடல்காற்றின் ஈரம் வேறு. செடி இரவிலும் மூச்சு வாங்காமல் வேலையை நிறுத்திவிட்டு அரைத்தூக்கத்தில் கிடக்கும். தூங்கும் செடி தண்ணீர் குடிக்காது. குடிக்காத தண்ணீர் சூடான மண்ணில் நிற்கும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பெங்களூரில் அதே மே மாதத்தில் இரவு 21, 22-க்கு இறங்கிவிடுகிறது, செடியும் விழித்திருக்கிறது, குடிக்கிறது. இருவரும் ஒரே மண், ஒரே தொட்டி, ஒரே தண்ணீர் வைத்தாலும் முடிவு ஒன்றாக வராது.

அதனால் சென்னை, புதுச்சேரி, நாகை ஆட்கள் கோடையில் எச்சிவேரியாவுக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது நல்லது. விடுவதானால் சூரியன் சாய்ந்து தரை ஆறிய பிறகு. பகல் பன்னிரண்டு மணிக்குச் சூடான சிமெண்ட் தொட்டியில் ஊற்றினால் வேர் வெந்துவிடும். இதற்கெல்லாம் பிறகும் சில போகும், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு கண்டம். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில் கொட்டிவிடும். அப்போது தொட்டிகளைக் கூரைக்கு அடியில், ஆனால் காற்று வரும் இடத்தில் வையுங்கள். அறைக்குள் பூட்டி வைத்தால் மழைக்குத் தப்பி, புழுக்கத்தில் மாட்டும்.

அல்சூர்மாடி (பெங்களூரு)

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. இதைக் கேட்டுவிட்டு இங்கே பெங்களூரில் இருப்பவர்கள் மே மாதத்தில் தண்ணீரை நிறுத்திவிட வேண்டாம். ஹவோர்த்தியாவும் (நிழல் தாங்கும் சின்ன சக்குலண்ட்) ஜேட்டும் வற்றிப்போகும்.

மலைநர்சரி (நீலகிரி)

தொழில் செய்பவன் என்பதால் ஒரு விஷயம் சொல்கிறேன். சமவெளிக்கு வரும் சக்குலண்டில் நிறைய மலையில் வளர்ந்தவை. மேற்கு வங்காளத்தின் காலிம்போங் இதற்குப் பேர்போன இடம், சுமார் 1,200 மீட்டர் உயரம். அங்கே குளிரிலும் வெயிலிலும் சிவந்து அழகாக நிற்கும் செடியை அட்டைப் பெட்டியில் போட்டு, இருட்டில் பல நாள் பயணம் செய்யவைத்து அனுப்புகிறோம். பெட்டியைப் பிரித்த உடனே "வெயில் செடிதானே" என்று மொட்டை மாடியில் வைத்துவிடுகிறார்கள். ஒரே மத்தியானத்தில் இலை வெந்து வெள்ளைத் தழும்பு விழும். அந்தத் தழும்பு மறையாது, அந்த இலை உதிரும்வரை அப்படியே இருக்கும்.

முதல் சில நாள் நல்ல வெளிச்சமுள்ள நிழல், பிறகு காலை இளவெயில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இரண்டு வாரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில், வெளிச்சத்தில் பாதியைத் தடுக்கும் 50 சதவீதப் பச்சை நிழல்வலை இல்லாமல் எச்சிவேரியாவை மாடியில் வைக்காதீர்கள்.

சிவப்பு நிறம் போய்ப் பச்சையாகிவிட்டது என்று எங்களிடம் சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. அந்த நிறம் குளிருக்கும் வெயிலுக்கும் செடி போட்டுக்கொண்டது. பச்சையானால் நோய் இல்லை.

பால்கனிக்காரி (திருச்சி)

எனக்கு எதிர்ப்பிரச்சினை சார். ஹால் டீப்பாயில் வைத்தேன். வாங்கும்போது குட்டையாகப் பூ மாதிரி இருந்தது. இப்போது தண்டு நீண்டு, இலைகள் இடைவெளி விட்டு ஒட்டகச்சிவிங்கி மாதிரி நிற்கிறது. நன்றாக வளர்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், என் நாத்தனார்தான் ஏதோ தப்பு என்றார்.

கொங்குக்கள்ளி (கோயம்புத்தூர்)

உங்கள் நாத்தனார் சொன்னது சரி. வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது. நம் கண் பழகிக்கொள்வதால் ஹால் வெளிச்சமாகத் தெரிகிறது, செடிக்கு அது இருட்டு. நீண்ட தண்டு திரும்பக் குட்டையாகாது. தலையை வெட்டி மேலே சொன்ன மாதிரி ஆறவைத்து நடுங்கள், அடித்தண்டையும் எறியாதீர்கள், அதில் பக்கக் குருத்துகள் வரும். ஆனால் இடம் மாற்றாமல் வெட்டினால் மறுபடி இதே கதைதான். வீட்டுக்குள்தான் வேண்டும் என்றால் ஜன்னலை ஒட்டி ஹவோர்த்தியா அல்லது அதன் உறவான காஸ்டீரியா வையுங்கள். ஹவோர்த்தியா தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலிலும் பாறை இடுக்கிலும் வளர்வது, நேர்வெயில் கேட்காது. பாம்புக் கற்றாழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ரோஜாப்பதியன் (சேலம்)

ஜல்லி விஷயம் புதிதாகத் தெரிந்துகொண்டேன், நன்றி. உரம்? வீட்டில் அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் போடுகிறோம்.

மொட்டைமாடி (சென்னை)

அவை ரோஜாவுக்கு. இங்கே வேண்டாம். அரிசித் தண்ணீரில் பூஞ்சை பிடிக்கும், டீத்தூள் மண்மேல் ஈரப்படலமாக நின்று கொசு மாதிரிச் சின்ன ஈக்களைக் கூட்டி வரும். தழைச்சத்து கூடினால் இலை ஊதி மெத்தென்றாகும், அழுகலும் பூச்சியும் அங்கேதான் முதலில் வரும். கலவையில் இருக்கும் மண்புழு உரமே ஒரு வருஷத்துக்குப் போதும்.

வடமராட்சிமுற்றம் (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கம் வேறொரு தொல்லை. இங்கே நிலத்தடியில் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் கடினம். பூச்சாடியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் படிந்துவிடும், இலையில் சுண்ணாம்புப் பொட்டு விழும். ஸ்பூனால் ஊற்றுகிற ஆட்களுக்குத்தான் இது மோசம், ஏனெண்டால் தண்ணீர் ஆவியாக உப்பு மட்டும் உள்ளே தங்கிவிடும். நான் மாரி மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து மூடி வைத்து இவற்றுக்கு மட்டும் பாவிக்கிறேன். மூடாவிட்டால் நுளம்பு (கொசு) வரும். மழைத் தண்ணீர் இல்லாத காலத்தில் இடைக்கிடை சாடி நன்றாகக் கழுவுப்படுகிற அளவுக்கு ஊற்றி வடியவிட வேண்டும்.

கொங்குக்கள்ளி (கோயம்புத்தூர்)

இது போர்வெல் தண்ணீர் ஊற்றும் எல்லா ஊருக்கும் பொருந்தும். தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். நின்றால் அந்த உப்பு திரும்ப மேலே ஏறும், டெங்கு கொசுவுக்கும் அந்தத் தட்டு போதும்.

பால்கனிக்காரி (திருச்சி)

இலை இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ இருக்கிறது. எறும்பும் வருகிறது. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

மலைநர்சரி (நீலகிரி)

மாவுப்பூச்சி. எறும்பு அதன் இனிப்புக் கழிவுக்காக வருகிறது, பூச்சிக்குக் காவலும் இருக்கும், அதனால் எறும்பையும் சேர்த்துத் துரத்த வேண்டும். பாதித்த தொட்டியை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். கொஞ்சமாக இருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியை 70 சதவீத ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள், பழுப்பாகிச் செத்துவிடும். முட்டை பொரித்து வந்துகொண்டே இருக்கும் என்பதால் வாரம் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும்.

வேப்பெண்ணெயை எச்சிவேரியா மேல் அடிக்காதீர்கள். இலையில் இருக்கும் சாம்பல் பூச்சு அதன் வெயில் கவசம். எண்ணெய் பட்டால் அது போய்விடும், மறுநாள் வெயிலில் சுட்டுவிடும். விரலால் தொட்டுத் துடைத்தாலும் அப்படித்தான். மேலே ஒன்றும் தெரியாமல் செடி மட்டும் சோர்ந்தால் வேரைப் பாருங்கள், வேரிலும் மாவுப்பூச்சி வரும்.

மொட்டைமாடி (சென்னை)

இந்தப் பூச்சிக் குடும்பத்தின் பக்கத்து உறவு ஒன்றுக்கு நம் ஊரில் பெரிய வரலாறே உண்டு. 1795-இல் சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று கோச்சினீல் பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது நல்ல சாயம் தரும் இனமே இல்லை, வேறொன்று. அது சாயத்துக்கு உதவவில்லை, ஆனால் ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைப் பார்த்துவிட்டு 19-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வேண்டுமென்றே விட்டுக் கள்ளிக்காட்டை ஒழித்தார்கள். முள் வைத்த கள்ளியையே சாய்த்த குடும்பம், அதனால் பால்கனியில் பஞ்சு தெரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

திண்ணைச்செடி (சென்னை)

சிவப்பு, மஞ்சள் உருண்டை ஒட்டிய கள்ளி செட்டில் ஒன்று இருக்கிறது. அதற்கும் இதே பராமரிப்புதானா?

கொங்குக்கள்ளி (கோயம்புத்தூர்)

இல்லை. அது ஒட்டுச்செடி. மேலே இருக்கும் உருண்டையில் பச்சையமே கிடையாது, தனியாக வாழ முடியாது. கீழே இருப்பது பெரும்பாலும் டிராகன் பழக் கள்ளியின் இனம், வெப்பமண்டலக் காட்டுக் கொடி, எனவே மற்ற கள்ளிகளை விடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். கடும் வெயிலில் உருண்டை வெந்துவிடும். சில வருஷம்தான் இருக்கும், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீலம், ரோஸ் என்று மின்னினால் அது பெயிண்ட், அதை வாங்கவே வேண்டாம்.

அல்சூர்மாடி (பெங்களூரு)

சென்னைக்காரர்களுக்கு எச்சிவேரியாவே வேண்டாம் என்றுதான் முடிவாகிறதா?

மொட்டைமாடி (சென்னை)

வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் செடியாக வேண்டாம். தொடங்குகிறவர்கள் அடீனியம் வையுங்கள். அரேபியா, கிழக்கு ஆப்பிரிக்கா பக்கத்துச் செடி, நம் வெயிலைக் கொண்டாடும், பூவும் தரும், மழைக்காலத்தில் மட்டும் கூரை வேண்டும். மடகாஸ்கரிலிருந்து வந்த யூஃபோர்பியா மிலி (முள் தண்டில் சின்னப் பூ பூக்கும் செடி) மொட்டை மாடியில் வருஷம் முழுக்கப் பூக்கும். சின்ன இலை ஜேட், சோற்றுக் கற்றாழை, ரணகள்ளி, பட்டு ரோஜா எல்லாம் நம் ஊருக்குப் பழகியவை. பிரண்டையும் சக்குலண்ட்தான், அதைத் துவையலுக்காக மட்டுமே நினைக்கிறோம். சிமெண்ட் தொட்டியில் கம்பி கட்டி ஏற்றிவிட்டால் பார்க்கவும் அழகு.

பால்கனிக்காரி (திருச்சி)

வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் ஒரு பூனையும் உண்டு. இதில் எதை வைக்கக் கூடாது?

மலைநர்சரி (நீலகிரி)

யூஃபோர்பியா வகை எதுவும் எட்டும் இடத்தில் வேண்டாம் அம்மா. திருகுகள்ளி, சதுரக்கள்ளி, மிலி எல்லாம் ஒடித்தால் வெள்ளைப் பால் வரும், அது கண்ணில் பட்டால் கடுமையான புண். வெட்டும்போது கையுறை போடுங்கள், காற்று வரும் திசைக்கு எதிரே நிற்காதீர்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் தொடர்ந்து கழுவி, தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள், தாய்ப்பால் விடுவது போன்ற கைவைத்தியம் வேண்டாம். அடீனியம் பாலும் நஞ்சு. கலஞ்சோ, ரணகள்ளி இரண்டும் பூனை தின்றால் ஆபத்து. எச்சிவேரியாவும் ஹவோர்த்தியாவும் தொல்லை தராதவை. திருச்சி வெயிலுக்கு, ஜன்னலோரத்தில் ஹவோர்த்தியா வைத்துப் பாருங்கள்.